ஓசி வக்கீல்

சொந்தச் சமையலறையிலிருந்து ஆர்லீனை வெளியே போகச் சொன்ன முதல் மனிதர் அந்த வக்கீல்தான். அவள் புருஷன் ரஸ்ஸலுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் தைரியம் வந்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஷெல்பிகிட்ட நான் தனியா பேசணும். நீங்க கொஞ்சம் வெளிய இருந்தா நல்லாருக்கும்."

"அடுப்புல பீன்ஸ் வேகுது."

"நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?"

"பானைய தொடாம பாத்துக்கறேன்."

ஆர்லீன் கோட்டைக்கூட எடுக்காமல் விடுவிடுவென்று கார் கொட்டகைக்கு வந்தாள். அங்கே நான் உட்கார்ந்து வளையம் கட்டிக்கொண்டிருந்தேன். என் பெயர் மேவிஸ், அடுத்த வீட்டுக்காரி. நவம்பர் பிறந்தால் நானும் அவளும் அந்தக் கொட்டகையில்தான் கிடப்போம். அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலத்துக் கிழக்குக் கரையில் ஒரே வேலையை நம்பி ஒரு வருஷத்தை ஓட்ட முடியாது. ஆண்கள் சிங்கி இறாலுக்குக் கூடு போடுவார்கள். ஆகஸ்டில் குடும்பத்தோடு புளூபெரி வாருவோம். நல்ல உறைபனி மூன்று தரம் விழுந்தபின் பால்சம் என்கிற ஊசியிலை மரத்தின் கிளை நுனிகளை ஒடித்து வந்து, வாசல் கதவில் மாட்டுகிற கிறிஸ்துமஸ் வளையம் கட்டுவோம். பனி விழுமுன் அவசரப்பட்டு ஒடித்தால், வாங்கினவர் வீட்டு வாசலில் ஊசி ஊசியாகக் கொட்டி நம் பெயரைக் கெடுத்துவிடும்.

"என் அடுப்ப அந்தாளு பாத்துக்கறாராம்" என்றாள் ஆர்லீன். ஒரு கொத்துக் கிளையை எடுத்துக் கம்பி வளையத்தில் வைத்து, கம்பியைச் சுற்றி இறுக்கினாள். இறுக்கின இறுக்கில் கொத்து நசுங்கிவிட்டது.

"நல்லதுதானே. கொஞ்ச நேரம் உனக்கு ஓய்வு."

"என்னடி பேசுவாங்க உள்ள?"

"எனக்கென்ன தெரியும்? நானும் உன்கூடத்தானே இருக்கேன்."

ஷெல்பிக்கு ஒன்பது வயது. ஆர்லீனின் தங்கை டோனாவின் பெண். டோனாவுக்கு முதுகு வலிக்கென்று கொடுத்த மாத்திரை பழக்கமாகி, பழக்கம் பைத்தியமாகி, வேலை போய், வீடு போய், கடைசியில் பிள்ளையை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு போர்ட்லண்டில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்தாள். போன மார்ச்சில் பிள்ளை வந்தது. ஒரு முதுகுப் பை, ஒரு ஜோடி கிழிந்த பூட்ஸ், அவ்வளவுதான். ஆர்லீனுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட முதல் நாளே அவள் தொலைந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் கோர்ட்டில் மனுப் போட்டாள், ஷெல்பிக்குச் சட்டப்படி தன்னையே பொறுப்பாளராக்க வேண்டுமென்று. டோனா சம்மதமும் சொல்லவில்லை, எதிர்ப்பும் சொல்லவில்லை. ஜட்ஜம்மாதான், 'பிள்ளை என்ன விரும்புகிறது என்று எனக்குத் தெரியவேண்டும், அதற்கென்று தனி வக்கீல் வேண்டும்' என்று சொல்லிவிட்டார். பாங்கர் ஊரில், நாதியற்ற பிள்ளைகளுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. அங்கே வக்கீல்கள் முறை வைத்துக்கொண்டு காசு வாங்காமல் உழைக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு வந்து வாய்த்தவர் லெலண்ட் டோபின். வழுக்கைத் தலை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மற்ற நாளெல்லாம் எல்லைக்கல் தகராறு பார்க்கிறவராம். எங்கள் ஊரில் அவருக்கு உடனே ஓசி வக்கீல் என்று பெயர் விழுந்துவிட்டது.

அன்றைக்குச் சமையலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆர்லீன் கையிலிருந்த கம்பி அப்படியே நின்றது.

"அது யாரு சிரிச்சது?"

"வக்கீலா இருக்கும்."

"இல்லடி. அது பாப்பா."

ஆர்லீனுக்கு முகம் கறுத்துவிட்டது. பிள்ளை சிரித்ததற்கு ஒரு பொம்பளை முகம் கறுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த வீட்டில் ஷெல்பி மரியாதையான பிள்ளை. தட்டைக் கழுவி வைக்கும், நன்றி சொல்லும், கேட்டதற்குப் பதில் சொல்லும். சிரிப்பது மட்டும் எப்போதாவதுதான். வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத வழுக்கையனுக்கு அது கிடைத்துவிட்டது.

கடைசியில் கொட்டகைக் கதவு தட்டப்பட்டது. டோபின் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சமையலறை குடுத்ததுக்கு நன்றிம்மா. இப்ப வரலாம். பீன்ஸ் பத்திரமா இருக்கு."

ஆர்லீன் எழுந்து அவர் பின்னாலேயே போனாள். நானும் போனேன். இதையெல்லாம் விட முடியுமா?

"பாப்பா என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"அத நான் சொல்லக்கூடாதும்மா."

"நான் அவ பெரியம்மா."

"தெரியும்மா. ஆனா நான் ஷெல்பியோட வக்கீல். அவ சொல்றது எனக்கும் அவளுக்கும் மட்டும். கோர்ட்டுல என்ன சொல்லணும்னு அவ சொல்றாளோ, அத மட்டும்தான் வெளிய சொல்லுவேன்."

"எங்க வீட்டப் பத்தி ஏதாவது…"

"வீடு நல்லாருக்காங்கறது என் வேலை இல்லம்மா. அதுக்கு வேற ஆளு வருவாங்க. ஷெல்பிக்கு என்ன வேணும்கறதுதான் என் வேலை."

எங்கள் பக்கத்தில் ஒருவர் நமக்காக மெனக்கெட்டு வந்தால் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆர்லீனுக்குக் கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் முந்தின இரவே சுட்டுவைத்த புளூபெரி பை பலகாரத்தைத் துணியில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோய் நீட்டினாள். அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"வாங்கக்கூடாதும்மா. மனுப் போட்டிருக்கிறது நீங்க. உங்ககிட்ட நான் எதுவும் வாங்கக்கூடாது. வாசனையே கொல்லுது, மன்னிச்சுக்கோங்க."

கார் போனபிறகும் அவள் பையைப் பிடித்தபடி பாதையில் நின்றாள்.

"என் பையவே வேண்டாம்னுட்டான்டி" என்றாள். 'அவர்' அன்றோடு 'அவன்' ஆனார்.

ஞாயிறு மத்தியானம் டோனாவிடமிருந்து போன் வரும். எங்கள் கரையில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆர்லீன் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கும் போன்தான். ஷெல்பி நாற்காலியில் முழங்காலிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்ளும். ஆர்லீன் தொட்டியண்டை நின்று, ஏற்கனவே கழுவின தட்டுகளை மறுபடி கழுவுவாள். நான் அங்கே இருந்த ஞாயிறுகளில் ஷெல்பி பேசினதெல்லாம் 'ம்', 'சரி', 'இல்லம்மா', 'ஸ்கூல் நல்லாருக்கு'. இடையிடையே பெரியம்மாவின் முதுகைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் நான் வாய்விட்டுச் சொன்னேன். "நீ கொஞ்ச நேரம் வெளிய வந்தா என்னடி? அதுபாட்டுக்குப் பேசிட்டுப் போகுது."

"உனக்குத் தெரியாது. பொறந்த நாளைக்கு வரேன்னு போன்ல சொன்னா அந்த மகராசி. புள்ள காலைலேருந்து சன்னலண்டையே நின்னுச்சு. கேக்கு கூட வெட்டல. ராத்திரி அழுதத நான்தான் தூக்கி வச்சுக்கிட்டேன். இன்னொரு தரம் அப்படிப் பொய் சொல்லட்டும், போனப் புடுங்கி வச்சுருவேன். அதுக்குத்தான் நிக்கறேன்."

அவள் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் நிற்கவில்லை. டோனா அப்படி ஏமாற்றியும் ஞாயிறு காலையில் அந்தப் பிள்ளை தலை வாரிக்கொண்டு போனுக்குக் காத்திருந்தது. போனில் யாராவது தலையைப் பார்ப்பார்களா? அதைப் பார்த்துப் பார்த்து ஆர்லீனுக்கு வயிறு எரிந்தது. சமைத்துப் போடுகிறவள் ஒருத்தி, தலை வாரிக்கொள்வது இன்னொருத்திக்கு.

டோபின் வாரத்துக்கு ஒரு தரம் வந்தார். ஒவ்வொரு தரமும் ஆர்லீன் கொட்டகைக்கு வந்தாள், ஒவ்வொரு தரமும் அதே வார்த்தை: சமையலறை குடுத்ததுக்கு நன்றிம்மா, இப்ப வரலாம். நடுவில் ஆர்லீன் பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்கினாள். பான்கேக்கை முயல் வடிவில் ஊற்றினாள். நாய்க்குட்டி பற்றிக்கூடப் பேச்செடுத்தாள், ரஸ்ஸலுக்கு நாய் என்றாலே தும்மல் வரும் என்று தெரிந்தும்.

"லஞ்சமா குடுக்கற?" என்றேன்.

"என் புள்ளைக்கு நான் குடுக்கறேன். உனக்கென்னடி?"

"உன் புள்ளைன்னு ஜட்ஜு இன்னும் சொல்லல."

கையிலிருந்த கிளையால் என்னை ஒரு அடி அடித்தாள். கழுத்தெல்லாம் பிசின்.

வளையம் கட்ட ஷெல்பிக்கு ஆசை வந்தது அந்த வாரம்தான். ஆர்லீன் பக்கத்தில் உட்கார்த்திக் கற்றுக்கொடுத்தாள். மூன்று நுனியைச் சேர்த்துப் பிடி, காம்பு உள்ளே போகட்டும், கம்பியைச் சுற்று, அடுத்த கொத்து முந்தின காம்பை மறைக்கணும். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டியது. சாயங்காலம் ஒரு வளையம் உருவானது. ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் வழுக்கை. ஆர்லீன் அதைக் கையில் தூக்கிப் பார்த்த பார்வை இருக்கிறதே, சர்ச்சில்கூட அவள் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. பிள்ளையின் கையிலிருந்த பிசினை வெண்ணெய் தடவித் துடைத்துவிட்டாள்.

"எங்க கொட்டகைல முதல்ல கட்டின வளையத்த விக்க மாட்டோம், கண்ணு. நம்ம வாசல்லதான் மாட்டுவோம். காலைல பெரியப்பாவ ஆணி அடிக்கச் சொல்றேன்."

ஷெல்பி வழுக்கைப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தது.

மறுநாள் டோபின் வந்து போனார். அவர் கார் பாதையில் திரும்பும்போது நாங்கள் இருவரும் பார்த்தோம். முன்பக்கக் கம்பியில் அந்த வளையம் கட்டியிருந்தது, வழுக்கைப் பக்கம் மேலே தெரிய. இங்கே டிசம்பரில் எல்லோரும் காருக்கு வளையம் கட்டுவதுதான். ஆனால் அது ஷெல்பியின் முதல் வளையம்.

ஆர்லீன் ஓடினாள். சமையலறைக்குள் நான் நுழைந்தபோது பிள்ளை மேசையில் பிஸ்கட்டுக்கு மொலாசஸ் பாகு ஊற்றிக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் கடலிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வளையம் எங்க?"

"டோபின் சாருக்குக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"குடுக்கணும்னு தோணிச்சு."

"நான் சுட்ட பைய அவன் தொடல. உன்கிட்ட மட்டும் வாங்கிப்பானா? என்ன பேசுற அவன்கிட்ட? அப்படி என்ன பேசுற, என்கிட்ட பேசாதத?"

"ஆர்லீன்" என்றான் ரஸ்ஸல்.

"நீ சும்மா இரு. சொல்லு பாப்பா. என்ன சொன்ன?"

ஷெல்பியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை.

"வக்கீல்கிட்ட பேசினத நான் யாருக்கும் சொல்லணும்னு இல்லயாம். டோபின் சார் சொல்லிருக்காரு."

"நான் யாரோவா?"

பிள்ளை பிஸ்கட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போனது. ரஸ்ஸல் துண்டில் கையைத் துடைத்தபடி, "நல்லா கேட்ட போ" என்றான். ஆர்லீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போயிரும்டி மேவிஸ். டோனாவோட போயிரும். அதத்தான் அவன்கிட்ட சொல்லிருக்கு. என் மூஞ்சில சொல்லப் பயந்துக்கிட்டு அவன்கிட்ட சொல்லிருக்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

கோர்ட்டு நாளில் ஈரப்பனி பெய்தது. என்னையும் சாட்சி என்று கூட்டிப்போயிருந்தாள். ஒரு பள்ளிக்கூட வகுப்பைவிடச் சின்ன அறை. ஜட்ஜம்மா கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். சுவரில் இருந்த வீடியோ திரையில் போர்ட்லண்டிலிருந்து டோனா தெரிந்தாள். முகம் கொஞ்சம் தேறியிருந்தது. திரையைப் பார்த்ததும் ஷெல்பி தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டது. ஆர்லீன் அதைப் பார்த்தாள்.

என்னை ஜட்ஜம்மா பிள்ளையின் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அப்புறம் டோபின் எழுந்தார். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"ஷெல்பி சொல்லச் சொன்னத சொல்றேன். அவளுக்குப் பெரியம்மா வீட்டுல இருக்கணும். அம்மா குணமாகறவரைக்கும், அதுக்கு எத்தன நாளானாலும். அங்க அவளுக்கு நல்லாருக்காம். முயல் பான்கேக்கு வேண்டாமாம், வட்டமாவே இருக்கட்டுமாம்."

ஆர்லீன் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து மூக்கால் வந்தது.

"இன்னொண்ணு உண்டு" என்றார் டோபின். "ஷெல்பிக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஞாயித்துக்கிழம அம்மா போன் பண்ணும்போது பெரியம்மா சமையலறைக்கு வெளிய இருக்கணும். கதவு சாத்தியிருக்கணும். நான் வரும்போது வெளிய இருக்காங்க இல்ல, அதே மாதிரி. அப்படி அவங்க வெளிய போறத பாத்தப்பறம்தான் இப்படிக் கேக்கலாம்னே அவளுக்குத் தோணிச்சாம்."

என் கையிலிருந்த பிடி தளர்ந்தது.

ஜட்ஜம்மா டோனாவிடம் கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சம்மதம் என்றாள். அக்கா நல்லா பாத்துக்கறா, எனக்குத் தெரியும் என்றாள். அப்புறம் ஜட்ஜம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்லீன் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? ஒத்துக்கறீங்களா?"

வெளியே பனி வாருகிற வண்டி போனது.

"அது என் சமையலறைங்க" என்றாள் ஆர்லீன்.

"தெரியும்மா."

"டோனா பொய் சொன்னா? வரேன்னு சொல்லிட்டு வரலேன்னா? கதவுக்கு வெளிய நின்னா எனக்கெப்படித் தெரியும்?"

ஷெல்பி தன் வக்கீலின் கோட்டை இழுத்தது. அவர் குனிந்தார். காதில் ஏதோ சொன்னது. அவர் நிமிர்ந்தார்.

"அப்ப ஷெல்பியே வெளிய வந்து உங்ககிட்ட சொல்லுவாளாம்."

ஆர்லீன் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளை நேராகப் பார்த்தது.

"சரிங்க" என்றாள்.

வராந்தாவில் ஆர்லீன் டோபினை மறித்துக்கொண்டாள். ஜெயித்த சந்தோஷத்திலும் அந்த முள் மட்டும் எடுபடவில்லை போல.

"என் பைய வேண்டாம்னீங்க. வளையத்த மட்டும் எப்படி வாங்கினீங்க?"

அவர் ஷெல்பியைப் பார்த்து, "சொல்லலாமா?" என்று கேட்டார். அது தலையாட்டியது.

"அது பரிசு இல்லம்மா, என் ஃபீஸ். எனக்கு யாரு காசு தராங்கன்னு ஷெல்பி கேட்டா. யாரும் இல்ல, சும்மாதான் செய்றேன்னேன். அப்படின்னா நீங்க என் வக்கீல் இல்ல, பாவம் பாத்து வந்தவருன்னுட்டா. மறுவாரம் வளையத்தோட வந்து நின்னா."

"நீதான பெரியம்மா சொல்லுவ" என்றது ஷெல்பி. "ஓசில யார்கிட்டயும் எதுவும் வாங்கக்கூடாது, நம்ம கையால செஞ்சது ஏதாவது குடுக்கணும்னு. என் கையால செஞ்சது அது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஆர்லீன் பிள்ளையின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு டோபினிடம், "இப்ப கேஸு முடிஞ்சிருச்சு இல்ல? பை வாங்கலாமா?" என்றாள்.

"இப்ப ரெண்டு கூட வாங்கலாம்மா."

அடுத்த ஞாயிறு ஆர்லீன் வீட்டில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி கணுக்கால் வரை. ஷெல்பி தலை வாரி உட்கார்ந்திருந்தது. போன் அடித்ததும் ஆர்லீன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீயும் எழுந்திருடி. உன் காது என் காதவிட நீளம்."

கொட்டகையில் அடுப்பை மூட்டினாள். ஆர்டரெல்லாம் முடிந்து லாரி ஏற்றியாகிவிட்டது. மூலையில் கழித்துப்போட்ட கிளைகள் கொஞ்சம் கிடந்தன. யாரும் கேட்காத ஒரு வளையத்தைக் கட்ட ஆரம்பித்தாள். நான் சும்மா உட்கார்ந்து கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டேன்.

வளையம் முக்கால் ஆனபோது சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தரம் நீளமாக, மூச்சு வாங்கி மறுபடி.

"கேட்டியா?"

"கேட்டுச்சு."

"என்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்ல."

"முயல் பான்கேக்கு பாத்துச் சிரிச்சிருக்கும், உனக்குத் தெரியாம."

"வயிறு எரியுதுடி மேவிஸ்."

"எரியட்டும். கொட்டகையாவது சூடாகும்."

அவள் சிரிக்கவில்லை. கடைசிக் கொத்தை முதல் கொத்துக்கு அடியில் செருகி, கம்பியை முறுக்கி வெட்டினாள். நல்ல வளையம். வழுக்கை எங்கேயும் இல்லை.

கதவு திறந்தது. புது பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஷெல்பி நின்றது.

"சமையலறை குடுத்ததுக்கு நன்றி பெரியம்மா. இப்ப வரலாம்."

"அம்மா போன வச்சுட்டாளா?"

"இல்ல, லைன்ல இருக்கா. உனக்குக் குளிருமேன்னு வந்தேன். வச்சுடவா?"

ஆர்லீன் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கு வேலை கிடக்கு" என்றாள். "இன்னும் முடியல. போ, போய்ப் பேசு. கதவ சாத்திட்டுப் போ கண்ணு, குளிர் உள்ள வருது."

ஷெல்பி அவள் மடியில் இருந்த வளையத்தைப் பார்த்தது. இப்போது அதற்கும் வளையம் கட்டத் தெரியுமே. ஒன்றும் கேட்காமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு ஓடியது.

ஆர்லீன் கம்பி வெட்டும் குறட்டை எடுத்து, வெட்டின இடத்தில் கம்பியைத் தூக்கி, கட்டின வளையத்தைக் கடைசிக் கொத்திலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.